தார்ப்பாய்க்குள் பவுனுத்தாய்

கேட்டிருப்பவர்களே, முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்: பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் பத்திரமாக மூடிவைத்த ஒன்று, மூடிய இடத்தில் உறங்காமல், உங்கள் காலடி ஓசைக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வந்தால், இன்று சாப்பிட்ட சோறு உங்களுக்குச் செரிக்குமா? உடனே சொல்ல வேண்டாம். கல்லுக்காட்டுப்பட்டியில் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், இரண்டு பக்கமும் மலை எழும்பி நிற்க நடுவில் பள்ளமாகக் கிடக்கும் அந்த ஊரில், கையை உயர்த்தினால் கொடி தட்டும் உயரத்தில் திராட்சைப் பந்தல்கள் விரிந்திருந்தன. அவற்றின் கீழே பெரிய டிராக்டர் நுழையாது என்பதால் வீரணன் ஒரு குட்டி டிராக்டர் வாங்கியிருந்தான். அதைப் பேணுவது அவன் வேலை. ஓட்டுவது அவன் மனைவி பவுனுத்தாயின் வேலை. வீரணன் நெட்டையன், இருக்கையில் உட்கார்ந்தால் பந்தல் கம்பி அவன் தலைத்துண்டைப் பிடுங்கும். பவுனுத்தாய் குள்ளம்; கம்பிக்கும் அவள் உச்சந்தலைக்கும் நடுவே ஒரு கொத்துப் பழம் தொங்குவதற்கு இடமிருக்கும். "வெளியிலதான் நான் ஆம்பளை. பந்தலுக்குள்ள போயிட்டா அவ ராச்சியம்" என்று வீரணனே டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

ஐப்பசி பிறந்து மலைமேல் மேகம் இறங்கியதும் மண் களியாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் தை வரைக்கும் வண்டிக்கு வேலை இல்லை. அந்த மழைக்காலத்துக்காக வீரணன் வண்டியை வீட்டருகே இருந்த கொட்டகையில் அடைத்துவைக்கும் விதத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடு இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுவான். டேங்குக்குள் ஈரம் கோக்காதபடி டீசலைக் கழுத்துவரை நிரப்புவான். ரேடியேட்டர் தண்ணீரை இறக்குவான். மண் கிளறும் கத்திகளைக் கழற்றிக் கழுவிக் கழிவு ஆயில் பூசுவான். பேட்டரி வயர்களை அவிழ்த்து ஒதுக்குவான். எலி புகாமலிருக்கச் சைலன்சர் வாயிலும் காற்று வடிகட்டியின் வாயிலும் துணி அடைப்பான். உள்ளே தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கிளட்ச் பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பான். கடைசியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயர் தரை தொடாமல் மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போட்டு, நீலத் தார்ப்பாயால் தலைமுதல் கால்வரை போர்த்துவான்.

இவை எல்லோரும் செய்யக் கூடியவை. வீரணனுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தை மாதத்தில் சைலன்சர் துணியை எடுக்க மறந்ததில் எஞ்சின் மூச்சு முட்டிச் செத்துப்போகப் பார்த்தது. அதுமுதல், எதை அடைத்தாலும் எதை அவிழ்த்தாலும் அதற்கென ஒரு சிவப்புத் துணிக் கிழிசலை ஸ்டியரிங் வளையத்தில் முடிந்துவிடுவான். சைலன்சருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று. எடுக்கும் நாளில் ஒவ்வொன்றையும் சரிசெய்துவிட்டு அதனதன் முடிச்சை அவிழ்ப்பான். "மூடுறது பெருசில்ல பவுனு. திறக்குற அன்னைக்குக் கை எதையும் மறக்கப்படாது. துணி கிடக்குற வரைக்கும் நமக்கு வேலை பாக்கி கிடக்குன்னு அர்த்தம்" என்பான். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பவுனுத்தாய், "இம்புட்டு ஞாபகம் வண்டிக்கு. கல்யாண நாளுக்கு ஒரு துணி கட்டிப் பாக்குறது" என்பாள்.

ஒரு தையில் தார்ப்பாயை விலக்கியபோது, சக்கர மூடியின் மேல் அவள் மறந்துவைத்த கறுப்புத் திராட்சைக் கொத்து இருந்தது. ஐப்பசியில் வைத்த கொத்து. அதன் மேல் படிந்த சாம்பல் பூச்சுகூடக் கலையவில்லை. ஒரு பழத்தின்மேல் அன்றைக்குத் தெறித்த மழைத்துளி உருண்டு விழாமல் நின்றது. பவுனுத்தாய் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள், வீரணனுக்கு ஒன்று கொடுத்தாள், இருவரும் பேட்டரி வயரை மாட்டத் தொடங்கினார்கள். கொடியை வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு ஆட்கள் வந்து காத்திருந்ததால் அதைப் பற்றிப் பேச நேரமில்லை.

அடுத்த ஐப்பசியில், வீரணனின் தங்கை ஒச்சம்மா ஆட்டிய இட்லி மாவைச் சட்டியோடு கொண்டுவந்து தார்ப்பாய்க்குள் வைத்தாள். தை மாதம் எடுத்தபோது மாவு புளிக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை. பூக்கட்டுகிறவர் மல்லிகைச் சரத்தை வைத்தார். ஒருவர் காய்ச்சிய பாலை வைத்தார். ஏன் கெடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், மேற்குப் பக்கத்துத் தார்ப்பாயைத் தூக்கக்கூடாது, வைத்தவர் கையே எடுக்க வேண்டும் என்ற ஒழுங்குகளை மட்டும் ஏற்படுத்திக்கொண்டார்கள். கடைசி ஒழுங்கு அவர்கள் போட்டதல்ல. ஒருத்தி வைத்த சரத்தை இன்னொருத்தி எடுக்கப் போனபோது, இருக்கைத் தோலோடு தைத்தது போல அது வர மறுத்துவிட்டது. வண்டி கிளம்பும் வரைக்கும், வைத்த கைக்கு மட்டுமே அந்த இடம் கட்டுப்பட்டது.

நன்மை ஒன்று கிடைத்தால் அதை எங்கே நிறுத்துவது என்று நமக்கு எப்போது தெரிந்திருக்கிறது? மூன்றாம் ஐப்பசியில் ஊருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. டீக்கடை மலைச்சாமி, நெஞ்சைப் பிளக்கும் தன் இருமலை ஒரு துண்டில் இருமி முடிந்து, வண்டியின் முன்மூடிமேல் வைத்துவிட்டு, தெளிந்த குரலில் வணக்கம் சொல்லிப் போனார். வாய்க்கால் தண்ணீர் முறைக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பி குருவையாவும் சீனிராசும், தங்கள் கோபத்தைத் தனித்தனியே தூக்குவாளிகளில் கொண்டுவந்து மூடி இறுக்கி, ஒன்றை ஒன்று தொடாதபடி தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஆடியில் புருசனைப் பறிகொடுத்த ஒச்சம்மா, அழுது தீர்க்கப் பொழுதில்லாமல், தன் அழுகையை ஒரு பித்தளைச் சொம்பில் பிடித்து வைத்துவிட்டு, அன்றைக்கே களையெடுக்கப் போனாள். ஊர் இலேசாயிற்று. எல்லோரும் சத்தமில்லாமல் நடந்தார்கள், எல்லோரும் நலமென்றார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டும் ருசி தெரியாத ஒரு மந்தம் மட்டும் எல்லோர் முகத்திலும் இருந்தது.

ஊர் இப்படித் துணிந்ததற்கு முந்தின மாதம், புரட்டாசியில்தான், பவுனுத்தாயின் வயிற்றில் கட்டி என்று தேனியில் சொன்னார்கள். அறுக்க முடியாத இடத்தில் இருக்கிறது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அடுத்த வருச மழை வரைக்கும் தாங்கினால் பெரிது என்று அங்கிருந்த மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் வீரணன் நேரே கொட்டகைக்குப் போய் ஆயிலை வடிக்கத் தொடங்கினான். அன்று முழுவதும் அவன் வண்டியை அடைத்தான். டீசல் நிரப்பினான், வயரை அவிழ்த்தான், துணி அடைத்தான், முடிச்சுப் போட்டான், கட்டைகளின் மேல் ஏற்றினான். பிறகு சமையற்கட்டுக்கு வந்து, அரிசி களைந்துகொண்டிருந்தவளின் கையைப் பிடித்தான்.

"வா புள்ள. கொஞ்ச நாளைக்கு அங்கன உக்காந்துக்க."

"எங்கன?"

"வண்டியில. உன் எடந்தானே. திராட்சைக் கொத்து கெடலைல்ல? மாவு புளிக்கலைல்ல? நீயும்..." அவள் கையில் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துவிட்டான். "ஒரே ஒரு மழைக்காலம். அதுக்குள்ள புதுசா மருந்து எதாச்சும் வரும்."

"சோத்த வடிச்சுட்டு வரவா மாமா, இல்ல அதையும் உள்ள வச்சிருவமா?" என்று அவள் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் போனாள். தன் உயிருக்காகப் போகவில்லை. இருக்கையில் அவளை உட்கார்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வீரணன் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினான். உலகம் நீலமாயிற்று.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. மறுநாள் பெண்கள் வழக்கம்போல மாவோடு வந்தார்கள். மாவை வைக்கக் கை நீட்டும்போது அவள் முழங்கால் தட்டுப்பட, "மதினி, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் தார்ப்பாயைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிள்ளைக்குப் பெயர் தேர்ந்தெடுக்க அவளிடம் யோசனை கேட்டார்கள், வியாபாரி சொன்ன பழ விலை நியாயமா என்று கேட்டார்கள். ரேஷன் கடைக்காரர் மட்டும் விரல் ரேகை இல்லாமல் அரிசி போட முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சொன்னவரே ரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். தார்ப்பாயின் விளிம்பிலிருந்து ஒரு கை வெளியே வந்தது, கட்டைவிரலை மெஷினில் அமுக்கியது, உள்ளே போயிற்று. "ரேகை தெளிவா இருக்கு தாயி. வெளிய இருக்குற ஆளுகளுக்குத்தான் தேஞ்சு போயி மெஷின் எடுக்க மாட்டேங்குது" என்று பாராட்டிவிட்டு அவர் போனார்.

உள்ளே பவுனுத்தாய் விழித்திருந்தாள். பசி வரவில்லை, தாகம் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. நகம் வளரவில்லை. வயிற்றின் வலி, சுவரில் அசையாமல் நின்றுவிட்ட பல்லியைப் போல இருந்த இடத்திலேயே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூடாததற்கு முதலில் நன்றி சொன்னாள். பிறகு, குறையாததைக் கவனித்தாள். வலி நகர்ந்துகொண்டிருந்தவரைக்கும் அதோடு சண்டை போடலாம், அது அசந்த நேரம் பார்த்து எழுந்து ஒரு வேலையை முடிக்கலாம். நின்றுவிட்ட வலியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்க மட்டுமே முடிந்தது. கொட்டகைக் கூரைமேல் மழை கொட்டும்போது அவளுக்குப் பந்தல் ஞாபகம் வரும். கொடிகள் இந்நேரம் இலை பெருத்திருக்கும், அடுத்த கவாத்தில், தளிர் விடும் கணுக்களில் எந்தக் கண்ணில் வெட்ட வேண்டும் என்று நினைக்கும்போதே கை தானாகக் கத்தரிக்கோலைப் பிடிப்பது போல மடங்கும், மடங்கிய கைக்குள் பாச்சை உருண்டை வாசமே இருக்கும். எழப் பார்த்தாள். வைத்த கை அவளுடையது அல்ல என்பதால் இருக்கை அவளை விடவில்லை.

தை பிறந்தது. பக்கத்துத் தோட்டங்களில் குட்டி டிராக்டர்கள் உறுமின. சிவப்பு முடிச்சுகளைத் தொட்டபடி அவள் காத்திருந்தாள். வீரணன் வந்தான், தார்ப்பாய்க்கு வெளியே நின்றான்.

"மண்ணு இன்னும் ஈரமா இருக்கு பவுனு."

"சீனிராசு வண்டி ஓடுற சத்தம் கேக்குதே மாமா."

"அவன் மண்ணு வேற."

"ஒரே வரப்புதானே நடுவுல."

அவன் தார்ப்பாயின் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போனான். மறுவாரம், மலையில் மேகம் தெரிகிறது என்றான். பிறகு, டீசல் விலை இறங்கட்டும் என்றான். கவாத்து தள்ளிப்போயிற்று, வெட்டாத கொடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பந்தலை இருட்டாக்கின. திராட்சைக்கொடி ஒரு விசித்திரமான உயிர். அதை வெட்டாமல் காப்பாற்றினால் அது இலையும் கொம்புமாகக் கொழுத்து உயிரோடு இருக்கும், காய்ப்பது மட்டும் நின்றுவிடும். இது வீரணனுக்குத் தெரியாததா? தன் தோட்டத்தில் தெரிந்த ஒன்று தன் வீட்டில் தெரியாமல் போவது அவனுக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல.

அவள் ஊரிடம் கேட்டாள். வந்தவர்கள் யாருக்கும் அது உவப்பாக இல்லை. வண்டியை எடுத்தால் எஞ்சின் ஓடும், எஞ்சின் ஓடினால் உள்ளே நிறுத்திவைத்த எல்லாமே நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மலைச்சாமி தன் தெளிந்த குரலில் சொன்னார்: "உனக்கு என்ன தங்கச்சி கொறச்சல்? வெயிலா மழையா? ராசாத்தி மாதிரி உக்காந்துருக்க. வெளிய வந்து என்ன செய்யப் போற?"

"கவாத்து வெட்டப் போறேன்."

"அதுக்கு ஆளு இல்லையா?"

"வெட்டுற கொடி காய்க்கும்ல அண்ணே. அந்தப் பழத்த நான் திங்கணும்."

"பழந்தானே? வாங்கியாறச் சொல்றேன்."

"நீங்க இருமி எம்புட்டு நாளாச்சு?" என்று அவள் கேட்டாள்.

மலைச்சாமி தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நிம்மதியாத்தான் இருக்கு" என்றார். பிறகு, தாழ்ந்த குரலில், "ஆனா தங்கச்சி, டீயில இஞ்சி போட்டாலும் தெரிய மாட்டேங்குது, போடாட்டியும் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

ஒரு பகலில், வேறு செய்ய ஒன்றுமில்லாததால், அவள் ஸ்டியரிங் வளையத்தை விரல்களால் சுற்றிவந்தாள். பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள். முடிச்சின் இடத்தை வைத்தே இது சைலன்சர், இது காற்று வடிகட்டி, இது பேட்டரி, இது கிளட்ச், இது ரேடியேட்டர், இது கழற்றிய கத்திகள் என்று சொல்ல அவளால் முடியும். வளையம் முடிந்து ஆரம்பித்த இடத்துக்கே விரல் வந்து சேர்ந்தது. மறுபடியும் சுற்றினாள். இன்னொரு தரம் சுற்றினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, மாலையில் வீரணனின் காலடி கேட்கும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.

"மாமா, எனக்கு எந்தத் துணி?"

வெளியே அவன் நின்றுவிட்டது தெரிந்தது.

"வண்டியில அடைச்சது எல்லாத்துக்கும் துணி இருக்கு. தடவிப் பாத்துட்டேன். எனக்கு எந்தத் துணி?"

"துணி தீந்துபோச்சு" என்றான்.

"ஒரு கிழிசல் துணி கெடைக்கலையா நம்ம வீட்டுல?"

அவன் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழவில்லை, அழுதிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். துணி கட்டினால் ஒரு நாள் அவிழ்த்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், அதனால்தான் அவன் கை அன்று கட்டவில்லை என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. மழைக்காலத்துக்கு என்று சொல்லி அவளை உட்கார்த்தியவன், எடுக்கும் நாள் என்று ஒன்றைத் தன் மனத்தில் வைத்திருக்கவே இல்லை. அன்பிலே செய்த காரியந்தான். அன்பிலே செய்யப்பட்டதனால் பூட்டு இலேசாகிவிடுமா?

அவள் தன் சேலை முந்தியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். அந்தக் கிழிசலை வளையத்தில் முடிந்தாள். நீல வெளிச்சத்தில் அதன் நிறம் தெரியவில்லை.

"நானே கட்டிட்டேன் மாமா. அவுக்குறது உங்க கையில இருக்கு. நாளைக்குக் காலையில வாங்க. கத்தரிக்கோலைத் தீட்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் வெயில் ஏறும்போது கொட்டகை முன்னால் ஊர் கூடிவிட்டது. வீரணன் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். குருவையா ஒரு பக்கம், சீனிராசு மறுபக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். "அண்ணே, எங்க வாளியெல்லாம் உள்ள இருக்கு. அது வெளிய வந்தா நாங்க வெட்டிக்கிட்டுச் சாவோம்" என்றான் சீனிராசு. "அவன் சொல்றது சரிதான்" என்றான் குருவையா. மலைச்சாமி வீரணனின் தோளைப் பிடித்தார். "மாப்ள, நாளைக்கு இவ போயிட்டா உன்னய யாரு பாக்குறது? வச்சிருக்குற வரைக்கும் இருக்கால்ல?"

வீரணனின் கையிலிருந்து ஜாக்கி நழுவியது. தார்ப்பாய்க்குள்ளே பவுனுத்தாய் அந்த ஜாக்கி தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டாள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தானே கத்தலாம், கத்தினாலும் இருக்கை விடாது. நீல வெளிச்சம் அவளைச் சுற்றி இறுகியது.

அப்போது அவளுக்கு வெகு அருகில் தார்ப்பாய் விலகி ஒரு கை உள்ளே வந்தது. ஒச்சம்மாவின் கை. அது துழாவிப் போய்ப் பித்தளைச் சொம்பைப் பிடித்தது.

"என்ன பண்ற ஒச்சு?" என்று வீரணன் கேட்டான்.

"என்னோடத நான் எடுக்குறேன் அண்ணே. யாரு கேக்குறது?" என்றாள் ஒச்சம்மா. "எம் புருசன் முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது. சொம்புக்குள்ள வச்சுட்டேன்ல, அதான்." அவள் நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்தாள். ஆடி மாதத்து அழுகை அவள்மேல் கொட்டியது. அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் சரிந்து, மார்பில் அடித்துக்கொண்டு, ஊர் முழுதும் பார்க்க அழுதாள்; பவுனுத்தாய் தார்ப்பாய்க்கு உள்ளேயிருந்து கையை நீட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது ஓய்ந்த ஒச்சம்மா மூக்கைச் சிந்திவிட்டு, சுற்றிலும் பார்த்து, "பசிக்குது" என்றாள். "எங்கயாச்சும் ஒரு வாய் சோறு இருக்கா? அய்யோ, இப்படிப் பசிச்சு எம்புட்டு நாளாச்சு."

அந்தச் சொல் கூட்டத்தின் வயிற்றில் போய் விழுந்தது. மலைச்சாமி வீரணனின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வீரணன் குனிந்து ஜாக்கியை எடுத்தான்.

அதன்பின் அவன் அவசரப்படவில்லை. தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்தான். வெயில் பட்டுப் பவுனுத்தாயின் கண் கூசியது. ஜாக்கியால் தூக்கிக் கட்டைகளை உருவி, டயர்களைத் தரையில் இறக்கினான். சைலன்சர் துணியை எடுத்தான், முடிச்சை அவிழ்த்தான். காற்று வடிகட்டியின் துணியை எடுத்தான், முடிச்சை அவிழ்த்தான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான், கிளட்ச் கட்டையைத் தட்டிவிட்டான், கத்திகளை மாட்டினான், பேட்டரி வயர்களை இறுக்கினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு அவிழ்ந்து மண்ணில் விழுந்தது. கடைசியில் வளையத்தில் ஒரே ஒரு துணி நின்றது. வெயிலில் பார்த்தபோது அது மாம்பழ மஞ்சள். அவனே கம்பம் சந்தையில் எடுத்துக்கொடுத்த சேலை.

அவன் விரல் அந்த முடிச்சைத் தொட்டு நின்றுவிட்டது.

"இறுக்கமாக் கட்டிட்டனா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் என்ன. எல்லாரும் நிக்கிறாக பாருங்க."

"பவுனு, இத அவுத்தா..."

"தெரியும் மாமா. அவுக்காட்டியும் எனக்கு என்ன ஆகும்னு இத்தன நாளாத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் தன் கையை அவன் கைமேல் வைத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. சாவியைத் திருப்பியவளும் அவள்தான். எஞ்சின் கனைத்தது, கறுப்பாக ஒரு புகையைத் துப்பியது, பிறகு நிதானமாக ஓடத் தொடங்கியது. அந்தக் கணமே அவள் வயிற்றில் நின்றிருந்த பல்லி ஓர் அடி எடுத்து வைத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கியரை மாற்றினாள். மலைச்சாமி இருமினார், இருமி இருமிக் கண்ணில் நீர் வழிய, "கடைக்குப் போயி இஞ்சி தட்டணும்" என்றார். அண்ணன் தம்பியின் வாளிகள் ஒரே நேரத்தில் மூடியைத் தெறித்தன. அவர்கள் ஒருவரை ஒருவர் சட்டையைப் பிடித்து உருண்டார்கள், தாத்தன் காலத்துக் குற்றம்வரை கத்தித் தீர்த்தார்கள். மாலையில் கன்னம் வீங்கிய இருவரும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, முறையை எப்படிப் பிரிப்பது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

பவுனுத்தாய் இருட்டிக் கிடந்த பந்தலுக்குள் வண்டியை ஓட்டிப்போனாள். அன்றும் அடுத்தடுத்த நாட்களும் கவாத்து நடந்தது. முடிந்த மட்டும் அவளே வெட்டினாள். முடியாதபோது வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து, எந்தக் கண்ணில் வெட்ட வேண்டும் என்று வீரணனுக்குக் கை காட்டினாள். அவன் நெட்டையன், குனிந்து குனிந்து வெட்டினான். வலி நடந்தது, அவளும் நடந்தாள். வெட்டிய கொம்பில் நீர் சொட்டியது, தளிர் வந்தது, பூ வந்தது, பழம் கறுத்தது. முதல் கொத்தை அவன் தாங்கி வந்தபோது அவள் கட்டிலைவிட்டு எழ முடியாதிருந்தாள். ஒரு பழத்தை வாயில் வைத்து மெல்ல நசுக்கினாள்.

"எப்படி இருக்கு?"

"புளிக்குது" என்றாள், முகம் மலர்ந்து. "நல்லாப் புளிக்குது மாமா. இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பறிச்சிருக்கணும். அவசரக்காரரு."

அடுத்த மழைக்கு முன்னால் அவள் போய்விட்டாள். ஐப்பசி வந்தது; வீரணன் வண்டியை அடைத்தான். சூட்டோடு ஆயில் வடித்தான், டீசல் நிரப்பினான், அடைத்தது ஒவ்வொன்றுக்கும் சிவப்புத் துணி முடிந்தான். அருகே பவுனுத்தாய் கிழித்த அந்த மாம்பழ மஞ்சள் கிழிசலையும் முடிந்தான். ஊர்ப் பெண்கள் மாவுச் சட்டிகளோடு வந்தார்கள். சட்டிக்கொரு துணியைத் தாங்களே கிழித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அழுகையையோ கோபத்தையோ யாரும் கொண்டுவரவில்லை. தையில் வண்டியை எடுத்தபோது அந்த மஞ்சள் முடிச்சையும் அவன் அவிழ்த்தான், அவிழ்த்துத் தலைத்துண்டில் செருகிக்கொண்டு, கம்பி தட்டாமலிருக்க முதுகை வளைத்து, பந்தலுக்குள் தானே வண்டியை ஓட்டிப்போனான்.

கேட்டிருந்தவர்களே, தொடக்கத்தில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லுங்கள்; வாயால் வேண்டாம், காலால் சொல்லுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நீங்கள் போர்த்திவைத்திருக்கும் அந்த ஆளை, அந்தப் பேச்சை, அந்த அழுகையை உங்களுக்குத் தெரியும். நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. வைத்த கை உங்களுடையது, ஆகவே வேறு யாராலும் அதை வெளியே எடுக்க முடியாது. மேகம் கலையட்டும், மண் காயட்டும், விலை இறங்கட்டும் என்று இன்னொரு முறை கயிற்றை இறுக்காதீர்கள். உள்ளே இருப்பவர் உங்கள் காலடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்திருங்கள். வெயில் இன்னும் இருக்கிறது. இன்றைக்கே, இந்த மாலைக்குள்ளேயே போய், தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிவிடுங்கள்.